கதவுக்குள் நுழையாத கல்

அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கை தன் பாட்டுக்கு மேசை ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும். யாராவது டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அதைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். கடைசி வாய் டீயோடு டம்ளரைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. தம்பி மனைவி நடத்தும் பல் ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறை அவள் பொறுப்பில் இருந்தது. அங்கே வேலை பார்ப்பவர்கள் அவளைச் "சுத்தக்கா" என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். அது காதில் விழுந்து அவள் பூரித்துப்போனதைப் பார்த்தபிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கேலி கிடக்கட்டும். அந்த அறையைப் பார்த்தால் யாருக்கும் அவள்மேல் மரியாதை வரும். எச்சிலும் ரத்தமும் பட்ட கருவிகள் இடது பக்கச் சிறு ஜன்னல் வழியாக உள்ளே வரும். முதல் மேசையில் ஊறித் தேய்பட்டு, அடுத்த மேசையில் காய்ந்து காகித உறைக்குள் போய், ஆட்டோகிளேவ் என்கிற நீராவிப் பெட்டியில் வெந்து, கடைசியில் வலது பக்க அலமாரிக்கு வந்து சேரும். வந்த வழியில் எதுவும் திரும்பக் கூடாது. ஒருமுறை டாக்டரே அவசரத்தில் வலது பக்கக் கதவு வழியாக ஓர் அழுக்குக் கிண்ணத்தோடு நுழைந்துவிட்டு, அக்கா பார்த்த பார்வையில் அப்படியே பின்னால் நடந்து வெளியே போனார். வீட்டில் "என்னம்மா" என்று கூப்பிடும் தம்பி மனைவியை ஆஸ்பத்திரி வாசற்படி ஏறிவிட்டால் அக்கா "டாக்டர்" என்றுதான் சொல்வாள், வாங்க போங்க என்றுதான் பேசுவாள். ஆனால் அந்த வலது பக்கக் கதவுக்கு முன்னால் டாக்டரும் ஒன்றுதான், கூட்டுகிறவரும் ஒன்றுதான்.

உறையை மூடி அதன்மேல் ஒரு பட்டையை ஒட்டுவாள். நீராவியின் சூடு பட்டதும் அந்தப் பட்டையில் கறுப்புக் கோடுகள் விழும். உள்ளே ஒரு கிருமிகூட மிச்சமில்லை என்று அந்தக் கோடுகள் தன்னிடம் சத்தியம் செய்வதாகவே அக்கா எடுத்துக்கொள்வாள். கிருமி என்றால் எதிரி. எதிரி செத்தால் நிம்மதி. அவளுடைய உலகம் அவ்வளவு நேரானதாக இருந்தது.

தம்பி கப்பலில் என்ஜினியர். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பது போதாதென்று அவனுக்குக் கரையிலும் கடல் வேண்டியிருந்தது. உள்ளே டிரில் சத்தம் கேட்கும்போது வெளியே காத்திருக்கும் பிள்ளைகள் கொஞ்சம் பயத்தை மறக்கட்டும் என்று சொல்லி, காத்திருக்கும் அறையின் சுவரோரமாக ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியை வைத்தான். மீனைப் பார்க்க எல்லோரும் ஆசையாக வந்து நின்றார்கள். அவன் உப்புத் தண்ணீரை ஊற்றினான், கடலிலிருந்து வந்த ஓட்டை ஓட்டையான கற்களை அடுக்கினான், தண்ணீரைச் சுற்றவிட ஒரு மோட்டாரைப் போட்டான், கையைத் துடைத்துக்கொண்டு "அவ்வளவுதான்" என்றான்.

"மீனு எங்கடா?"

"வரும்க்கா. முதல்ல கல்லு செட் ஆகணும்."

வாரக்கணக்காகக் கல்லும் தண்ணீரும் மட்டுமே இருந்தன. அவன் மட்டும் தினமும் வந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போவான். "மீன் வளக்கறவங்களைப் பாத்திருக்கேன், இவன் கல்லு வளக்கறான்" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

கடைசியில் மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி. பெரியது எங்கே போனாலும் சின்னது பின்னாலேயே போகும், பெரியது திரும்பிப் பார்த்தால் சின்னது நடுங்கும். ரிசப்ஷனில் உட்காரும் பெண் அவற்றுக்கு "மாமியார்", "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தாள். கற்களுக்கு நடுவில் ஒரு பொந்தின் வாசலில் மீசையை ஆட்டிக்கொண்டு நின்ற சிவப்பு வெள்ளை இறாலுக்கு "வாட்ச்மேன்" என்று பெயர் வந்தது.

கப்பலுக்குத் திரும்பும் அன்று தம்பி அக்காவைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினான்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. ஒரு சிட்டிகை தீனி போடு. ஆவியாப் போன அளவுக்குத் தண்ணி ஊத்து. கண்ணாடிய வெளிப்பக்கம் உன் ஆசை தீரத் துடைச்சுக்கோ. உள்ள மட்டும் கை வைக்காத."

"நான் என்னடா பண்ணப் போறேன்?"

"நத்தை ஞாபகம் இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்தான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நத்தையை அவள் எப்படி மறப்பாள்? தம்பி சின்னப் பையனாக இருந்தபோது ஓர் அட்டைப் பெட்டியில் நத்தை ஒன்றை வளர்த்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதற்கு இலை கிள்ளிப்போட்டு, அதோடு பேசிக்கொண்டிருப்பான். பெட்டி நாறுகிறதே, பாவம் நத்தைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து, அவன் இல்லாத நேரத்தில் அக்கா அதை நல்ல சோப்புத் தண்ணீரில் நுரை வரக் குளிப்பாட்டினாள். வந்து பார்த்தவன் அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவளோடு பேசாமல் இருந்தான், அவ்வளவுதான். வீட்டுக்குள் ஒரே அறையில் படுத்து எழுந்துகொண்டு பேசாமல் இருக்கும் பிள்ளையைப் போல மனதை வாட்டுவது வேறொன்றும் இல்லை என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. இந்தத் தடவை அவன் பிரியமாக வைத்திருப்பதை உயிரோடு அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சொல்லிக்கொண்டது என்னவோ உண்மைதான்.

நாள் போகப்போகக் கற்களின் மேல் ஊதாவும் பழுப்பும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக ஏதேதோ படர்ந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கடந்து போனாள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் தேய்த்தே ஆறுதல் தேடினாள். அப்போதுதான் மகளை அழைத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"ஆஸ்பத்திரின்னு சொல்றீங்க, இந்தக் கல்லு இவ்வளவு அழுக்கா இருக்கு? வெளியவே இப்படின்னா உள்ள வாயில வைக்கிற சாமானெல்லாம் எப்படி இருக்குமோ!"

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் அறையைப் பற்றி இதுவரை ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த அம்மா போனபிறகு தொட்டிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். ஒரு கல்லின் ஓட்டையிலிருந்து முடி முளைத்த ஒரு புழு தலையை நீட்டி, அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் புழு! அக்காவின் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது.

டாக்டர் ஏதோ கருத்தரங்கு என்று வெளியூர் போயிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியைப் பூட்டியதும் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நோயாளிகளின் கருவிகள் வேகும் பெட்டியில் கல்லை வைக்கும் அளவுக்கு அவள் புத்தி கெட்டுப்போகவில்லை. ஸ்டோர் ரூமில் சும்மா கிடந்த பழைய சின்ன ஆட்டோகிளேவை வெளியே எடுத்தாள். கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்து, நீலத் துணியில் சுற்றி, மறக்காமல் பட்டையும் ஒட்டி, உள்ளே வைத்துக் கதவைத் திருகினாள். பெட்டி சூடானபிறகு கிளம்பிய நாற்றத்தில் குடலைப் புரட்டியது. "எவ்வளவு அழுக்கு ஊறிப்போயிருந்தா இப்படி நாறும்!" என்று அவள் தான் செய்வது சரிதான் என்பதற்கு அதையே சாட்சியாக வைத்துக்கொண்டாள். துணியைப் பிரித்தபோது பட்டையில் பளிச்சென்று கறுப்புக் கோடுகள். கல் பல்லைப் போல வெளுத்திருந்தது.

ஒரு கல் மட்டும் அடங்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பெரிய கல் அது. தூக்கும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது. நெடுக்காக வைத்துப் பார்த்தாள், குறுக்காக வைத்துப் பார்த்தாள், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். பெட்டியின் கதவுக்குள் அது நுழைவதாக இல்லை. "உனக்கு இவ்வளவு பிடிவாதமா? திங்கக்கிழமை பெரிய அண்டாவுல வெந்நி போட்டு உன்னை ஒரு வழி பண்றேன் இரு" என்று அதைத் திட்டிவிட்டுத் தொட்டியிலேயே திரும்ப இறக்கினாள். போட்டோ எடுக்கும்போது குளிக்காத பையனைக் கடைசி வரிசையில் நிறுத்துவதுபோல வெள்ளைக் கற்களுக்குப் பின்னால் அதை மறைத்து நிறுத்தினாள். பிறகு இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். தொட்டி புத்தம்புதுசாக இருந்தது. தம்பி வந்து பார்த்தால் அசந்துபோவான் என்றுகூட நினைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் ரிசப்ஷன் பெண்ணின் அலறல்தான் அவளை வரவேற்றது. தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர்போலக் கலங்கிக் கிடந்தது. வாட்ச்மேன் பொந்தின் வாசலில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான், மீசை ஆடவில்லை. மாமியாரும் மாப்பிள்ளையும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. 

வெளியூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டியைப் பார்த்தார்.

"கல்லை என்ன பண்ணீங்க அண்ணி?"

"சுத்தம் பண்ணேன்."

"எப்படி?"

அக்கா விரலை மட்டும் ஸ்டோர் ரூம் பக்கம் நீட்டினாள். வாசலில் அந்தப் பழைய ஆட்டோகிளேவ் துடைத்துப் பளபளப்பாக நின்றது. டாக்டர் அப்படியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தத் தொட்டிக்கு ஃபில்டர் எதுன்னு நினைச்சீங்க?"

"அந்த மோட்டார்தானே?"

"மோட்டார் தண்ணிய ஓட விடுது, அவ்வளவுதான். சுத்தம் பண்றது கல்லுதான் அண்ணி. மீனோட கழிவுல இருந்து அமோனியா வரும். அது மீனுக்கு விஷம். அந்த விஷத்தைத் தின்னு தீக்கற கிருமிங்க எல்லாம் கல்லோட ஓட்டைக்குள்ளதான் குடியிருக்கு. உங்க தம்பி அத்தனை வாரம் வெறும் கல்லை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தது எதுக்குன்னு நினைச்சீங்க? அதுங்க குடியேறட்டும்னுதான். இப்ப அந்த ஊரையே வேக வச்சிட்டீங்க. செத்ததெல்லாம் உள்ளயே அழுகி, அதுவும் சேந்து விஷமாயிட்டிருக்கு."

கிருமி சுத்தம் செய்யுமா? அக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை காலம் கும்பிட்ட கறுப்புக் கோடு தன்னைப் பார்த்துப் பல்லிளிப்பதுபோல இருந்தது. அதைவிட மோசமாக, ஓர் அட்டைப் பெட்டியும் அதற்குள் நுரையும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

டாக்டர் மீன் கடைக்குப் போன் போட்டார். புதுக் கல் வந்து இறங்க நாளாகும், வழியில் அதிலும் பாதி செத்துத்தான் வரும், இப்போது அதைப் போட்டால் இன்னும் மோசமாகும் என்று சொன்னார்கள். கல்லை வேக வைத்த கதையைக் கேட்டுக் கடைக்காரர் பதறிப்போனாராம். சில வகைப் பவள உயிர்கள் ஒட்டிய கல்லாக இருந்திருந்தால் அந்த ஆவியே ஆளைப் படுக்கையில் தள்ளியிருக்கும், இனி ஜென்மத்துக்கும் அப்படிச் செய்யாதீர்கள் என்றாராம்.

டாக்டர் போனை வைத்தார். "எல்லாக் கல்லையுமா வேக வச்சீங்க?" என்று கடைசியாக ஒருமுறை கேட்டார், எதையும் எதிர்பார்க்காத குரலில்.

"ஒண்ணு மட்டும் போகல. பெருசு. கதவுக்குள்ள நுழையல."

டாக்டர் எழுந்துவிட்டார். வெள்ளைக் கற்களை விலக்கிப் பார்த்தார். பின்னால் இருட்டில் ஊதாவும் பழுப்பும் பச்சையுமாக, அழுக்கு மூட்டையாக, அந்தப் பெரிய கல் உட்கார்ந்திருந்தது. அதன் ஓர் ஓட்டையிலிருந்து முடி முளைத்த புழு ஒன்று தலையை நீட்டியது. சனிக்கிழமை எதைப் பார்த்து அக்கா ஆட்டோகிளேவை இழுத்து வந்தாளோ, அதைப் பார்த்து இன்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று முழுக்க இரண்டு பேரும் ஓடினார்கள். வெந்த கற்களையெல்லாம் எடுத்து ஒரு டிரம்மில் தனியாக உப்புத் தண்ணீரில் போட்டார்கள். தம்பி வைத்துவிட்டுப் போன உப்பைக் கரைத்து, சூடும் உப்பும் தொட்டிக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, வாளி வாளியாகத் தண்ணீரை மாற்றினார்கள். டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு வெளியே வருவார், கையுறையைக் கழற்றுவார், ஒரு வாளியைத் தூக்குவார், மறுபடி உள்ளே போவார். தன் தவறுக்கு அவர் இடுப்பு ஒடிவதைப் பார்த்து அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லையே இந்தப் பெண் என்று மனதுக்குள் ஆச்சரியப்பட்டாள்.

"தம்பிகிட்ட நானே சொல்றேன்மா. நீ சொல்லிடாத" என்றாள். ஆஸ்பத்திரிக்குள் நிற்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

"நான் சொல்லல. நீங்களே சொல்லுங்க. மீன்களை உயிரோட காட்டிட்டுச் சொல்லுங்க."

அதற்குத்தான் வழி தெரியவில்லை. தினமும் காலையில் அக்கா அந்தக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டாள். மஞ்சளாக இருந்தால் விஷம் இல்லை, பச்சை ஏற ஏற விஷம் அதிகம். பச்சையாகவே வந்தது. தண்ணீரை மாற்றினால் கொஞ்சம் வெளுக்கும், மறுநாள் மறுபடி பச்சை. பெரிய கல் ஒன்றே தொட்டி முழுவதற்கும் உழைக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை ஒரு மூலையில் தரையோடு தரையாகக் கிடந்தது. மாமியார் அதை அதட்டக்கூட மறந்துபோய் மேலே மிதந்தது.

"தீனியக் குறைங்க அண்ணி. கழிவு குறைஞ்சா விஷம் குறையும்."

"சீக்காளிய பட்டினி போடறதா?"

"பட்டினி இல்ல, கம்மியா. மத்தபடி நாம செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. கல்லுதான் செய்யணும். அதுல மிச்சமிருக்கறது பெருகணும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கஷ்டமான வேலையை அக்காவுக்கு யாரும் கொடுத்ததில்லை. மத்தியான இடைவேளையில் தொட்டிக்கு முன்னால் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கை எங்கேயும் போய்விடாதபடி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். தம்பி போன் செய்தால் அதற்கும் அங்கேயிருந்தே பதில் சொல்வாள்.

"மீனுங்க எப்படி இருக்குக்கா?"

"ரெண்டும் இருக்குடா."

"வாட்ச்மேன்?"

"என்னது? இங்க சிக்னல் சரியில்லடா, அப்புறம் பேசறேன்."

அவன் நடுக்கடலில் இருந்து பேசினான். சிக்னல் அவனுக்கு நன்றாகவே இருந்தது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் டாக்டர் சாப்பாட்டு டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "உள்ள அப்படி என்னதான் பண்ணுதுங்க?"

"எல்லாம் ஒரே வேலை பாக்கறதில்ல அண்ணி. மேல் பக்கம் ஒரு கூட்டம் அமோனியாவ எடுத்து வேற ஒண்ணா மாத்தும். அதுவும் விஷம்தான். பக்கத்துல இன்னொரு கூட்டம் அதை வாங்கி, அவ்வளவா கெடுதல் இல்லாத ஒண்ணா மாத்தும். கல்லோட அடி ஆழத்துல காத்தே போகாத ஓட்டைங்க இருக்கு பாருங்க, அங்க மூணாவதா ஒரு கூட்டம். மிச்சத்தை அது வாங்கி வெறும் வாயுவா ஆக்கி வெளிய விட்டுடும்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அழுக்கு ஒரு பக்கமாக உள்ளே போகிறது. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கை மாறுகிறது. ஒருத்தர் முடித்துக் கொடுத்ததைத்தான் அடுத்தவர் தொடுகிறார். கடைசி அறையில் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. இதைத்தானே அவள் இத்தனை வருஷமாக ஜன்னல் வைத்து, கதவு வைத்து, வருகிறவர்களை முறைத்து முறைத்து நடத்திக்கொண்டிருக்கிறாள்? அவளாவது சாயங்காலம் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். இந்தக் கல்லுக்கு லீவே கிடையாது. பிரஷ் இல்லை, சோப்பு இல்லை, நீராவி இல்லை, சத்தம் இல்லை. இவ்வளவு பெரிய வேலையைச் செய்துகொண்டு, பார்க்கிறவர்கள் அழுக்கு என்று மூக்கைச் சுளிக்கும்படி எளிமையாக உட்கார்ந்திருக்கிறது. அதைப் போய் வெந்நீரில் போடுவதாக மிரட்டினோமே என்று அக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

"இது என் ரூமு" என்றாள். "என் ரூமேதான்மா இது."

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். முதலில் சிரிக்கத்தான் நினைத்தார், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அக்கா கல்லுக்கு முன்னால் உட்கார்வதில் ஒரு மாற்றம் தெரிந்தது. கை தொடைக்கு அடியில் போகவில்லை. வேறோர் ஆஸ்பத்திரியின் கெட்டிக்கார நர்ஸ் வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பவளைப்போல, மடியில் கையைக் கோத்துக்கொண்டு ரசித்துப் பார்த்தாள். பச்சை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இளம்பச்சை ஆயிற்று. பச்சையா மஞ்சளா என்று சண்டை போடும்படி ஆயிற்று. ஒரு காலையில் குழாயை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள், வெள்ளைச் சுவருக்கு முன்னால் பிடித்தாள், ரிசப்ஷன் பெண்ணிடம் காட்டினாள், நம்பிக்கை வராமல் நேராக டாக்டர் அறைக்குள் நுழைந்துவிட்டாள். நாற்காலியில் ஒருவர் வாயை அகலத் திறந்துகொண்டு படுத்திருந்தார்.

"டாக்டர், இது என்ன கலர்?"

"மஞ்சள் அண்ணி. நல்ல மஞ்சள்."

"நீங்க சொல்லுங்க சார், இது மஞ்சள்தானே?"

"ஆ" என்றார் அவர். அவரால் வேறு எதுவும் சொல்ல முடிகிற நிலைமை இல்லை.

அக்கா திரும்பி வந்து தொட்டிக்குள் பார்த்தாள். மாப்பிள்ளை தரையை விட்டு எழுந்து நீந்திக்கொண்டிருந்தது. மாமியார் திரும்பி ஓர் அதட்டல் போட்டதும் நடுங்கிக்கொண்டு பின்னால் போனது. "சபாஷ்டா ராஜா!" என்று அவள் உரக்கச் சொன்னது மீனைப் பார்த்து இல்லை, கல்லைப் பார்த்து. காத்திருந்த நோயாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டிரம்மில் கிடந்த வெள்ளைக் கற்களின் தண்ணீரை நாற்றம் முழுக்கப் போகும்வரை மாற்றினாள். பிறகு அவசரப்படாமல், ஒவ்வொன்றாக, பெரிய கல்லோடு ஒட்டினாற்போல் வைத்தாள். ஒன்று வைத்தால் மஞ்சள் நிலைக்கிறதா என்று பொறுத்திருந்து பார்த்துத்தான் அடுத்ததை வைப்பாள். தம்பி அன்று வாரக்கணக்காகச் செய்ததையே இப்போது அவள் செய்துகொண்டிருந்தாள். கல்லை வளர்த்தாள். அவனைக் கேலி செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எவ்வளவு பொறுமைக்காரன் இவன், இவனோடு பிறந்து வளர்ந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று அவன்மேல் பெருமையாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

அந்த அம்மா மகளை அழைத்துக்கொண்டு அடுத்த சிகிச்சைக்கு வந்தார். "என்னங்க இது, அந்த அழுக்குக் கல்லு இன்னும் இருக்கு?" என்றார்.

"அம்மா, உள்ள உங்க பொண்ணு வாயில வைக்கிற சாமானை நான் சுத்தம் பண்றேன்" என்றாள் அக்கா. "இங்க சுத்தம் பண்றது அது. எனக்காவது ஞாயித்துக்கிழமை லீவு."

அந்த அம்மா ஒன்றும் புரியாமல், ஆனால் கொஞ்சம் மரியாதையோடு, இன்னொரு தடவை கல்லைப் பார்த்தார்.

தம்பி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் பெட்டியோடு நேராக ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றான். அக்கா கையுறையோடு வெளியே ஓடி வந்தபோது அவன் தொட்டிக்கு முன்னால் குனிந்திருந்தான். மாமியாரும் மாப்பிள்ளையும் அவன் விரல் போகும் பக்கமெல்லாம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு போயின. அவன் முகம் மலர்ந்திருந்தது. பிறகு அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை அக்கா பார்த்தாள்.

"வாட்ச்மேன் எங்கக்கா?"

"செத்துட்டான்டா. என்னாலதான்."

அவன் வெள்ளைக் கற்களைப் பார்த்தான். நிமிராமலேயே கேட்டான்.

"எத்தனை டிகிரி?"

"நூத்தி இருபத்தொண்ணு."

டாக்டர் தன் அறை வாசலில் வந்து நின்றார்.  "மறுபடியும் நத்தையாக்கா?" என்று தம்பி மெதுவாகச் சொன்னான். அவன் திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள்.

அவள் தனக்காக வாதாடவில்லை. கையுறையைக் கழற்றினாள். குழாயை எடுத்து, தண்ணீர் மொண்டு, சொட்டு விட்டு, நிதானமாக ஆட்டி, அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். மஞ்சள்.

"பெரிய கல்லு மட்டும் கதவுக்குள்ள போகல. அதுதான்டா காப்பாத்திச்சு. நானும் உன் பொண்டாட்டியும் வாளிதான் தூக்கினோம். வேலையெல்லாம் அது பாத்தது."

தம்பி குழாயை வாங்கிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு மறுபடி குனிந்து, பெரிய கல்லை ஒட்டியிருந்த வெள்ளைக் கல்லை வெகு நேரம் பார்த்தான். அதன் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஊதா நிறத்தில் ஒரு புள்ளி இருந்தது. அக்காவுக்கு அது எப்போதோ தெரியும். பெரிய கல்லிலிருந்து அந்தப் பக்கம் முதலில் குடிபோனது அது. அதைக் கண்டுபிடித்த அன்று அவள் டாக்டருக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

தம்பி எழுந்து, ரிசப்ஷன் மேசையில் கிடந்த பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"இங்க என்னமோ கறை மாதிரி இருக்கேக்கா. லேசா ஒரு தேய் தேய்ச்சிடவா?"

கை தண்ணீருக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை, அதற்குள் அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்! அவன் இப்பத்தான் குடி வந்திருக்கான்!"

தம்பிக்குச் சிரிப்பு வெடித்தது. தொட்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தான். நத்தை செத்தபிறகு எத்தனையோ நாள் கழித்து அவன் முதல்முதலாகப் பேசிய அன்று அக்காவின் நெஞ்சு எப்படி லேசானதோ, அப்படியே இன்றும் லேசாயிற்று. அவள் அழுதாள். அழுதுகொண்டே அவன் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கி, வழக்கம்போல நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.